பாலத்து பஸ்ஸின் பச்சை நாள்

மாதத்தில் ஒரு நாள் பாலத்து பஸ்ஸுக்கு எந்த சிக்னலிலும் சிவப்பு விழாது. மார்க்கெட் முனை, கோர்ட் வாசல், பாலத்தின் இரண்டு பக்கமும் என்று வழியிலுள்ள அத்தனை விளக்குகளும் பஸ்ஸின் மூக்கைக் கண்டதும் பச்சைக்கு மாறிவிடும். போக்குவரத்துப் போலீசார் கம்பிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். எலி கடித்த தடம்கூட இல்லை. அதே பஸ்ஸை வேறு டிரைவரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர் எல்லாரையும் போல நின்று நின்றுதான் போனார். ஆக, சங்கதி பஸ்ஸில் இல்லை, அதை ஓட்டும் பெண்ணிடம் இருக்கிறது என்று முடிவாயிற்று.

அவள் நெடுநெடுவென்று வளர்ந்தவள். கைக்குட்டையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தால் லாரிக்காரர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஓடியும் குழந்தை இல்லை. இரண்டு பிள்ளை பெற்ற கண்டக்டர் பெண்தான் முதலில் முடிச்சை அவிழ்த்தாள். "அக்கா, தப்பா நெனைக்காதே. உனக்கு ஒரு மாசம் நாள் முடிஞ்சு அடுத்தது வர்றதுக்கு நடுவுலதான் இந்தப் பச்சை விழுது. கருமுட்டை வர்ற நாளா இருக்குமோ?"

அது அன்று சாயங்காலமே ஊர் முழுக்கப் பரவியது. ஆபீஸுக்குத் தாமதமானவர்கள் அந்த நாளை எதிர்பார்த்து நின்றார்கள். தம்பதிக்கும் சந்தோஷம்தான். பச்சை விழுந்த அன்று அவள் அரை நாள் லீவு போடுவாள். அவர் கடையைச் சாத்துவார். ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டதும் எதிர்க்கடை சைக்கிள்காரர் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவார். இப்படியே மூன்று வருடம் போயிற்று. இருவரையும் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா குறையொன்றும் இல்லை என்றார். ஆனாலும் கரு உண்டாகவில்லை. நாத்தனார் ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் காதில் விழும்படியே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் பச்சை காட்டுறா. என் தம்பிக்கு என்னத்தக் காட்டினா?"

அவள் மறுநாள் டிப்போவுக்குப் போய், சிக்னலே இல்லாத மலைச்சாலை பஸ்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே காத்திருந்து பார்க்க விளக்கு எதுவும் இல்லை. அந்த மாதங்களில்தான் உடம்பின் மற்ற சங்கதிகள் அவளுக்குப் புலப்படத் தொடங்கின. நாள் முடிந்து சில நாள் வறண்டிருக்கும். அப்புறம் லேசாகப் பிசுபிசுக்கும். பிறகு ஒருசில நாள் தெளிவாக, வழுவழுவென்று, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் முட்டையின் வெள்ளைக்கரு போல அறுபடாமல் நீளும். பிரேக்கை அழுத்தும்போது அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று இழுக்கும். அப்புறம் எல்லாம் மறுபடி வறண்டுவிடும். இத்தனை வருடம் கண்ணை விளக்கிலேயே வைத்திருந்ததில் இதையெல்லாம் கவனிக்கவே இல்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

பச்சை விழுந்ததெல்லாம் இந்த வழுவழுப்பு வறண்ட பிறகோ என்ற சந்தேகம் தீர மறுபடியும் பாலத்து பஸ்ஸுக்கே திரும்பினாள். நினைத்தது சரியாகவே இருந்தது. வழுவழுப்பு இருக்கும் நாட்களில் எல்லா முனையிலும் சிவப்பு. அது வறண்ட பிறகுதான் பச்சை. டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

"சிக்னலைப் பத்தி எனக்குத் தெரியாதும்மா," என்றார் அவர். "ஆனா உடம்புச் சூடும் அப்படித்தான், முட்டை வெளியே வந்ததுக்கு அப்புறம்தான் ஏறும். முட்டை ஒரு நாளுக்கு மேல தாங்காது, நீங்க பச்சையைப் பாக்குறதுக்குள்ள அதோட நேரம் முடிஞ்சிருக்கும். விந்துதான் சில நாள் உள்ளே உயிரோட காத்திருக்கும். அந்த வழுவழுப்பு இருக்குற நாளுங்கதான் உங்களுக்கு வேணும். சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க."

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை பாலத்து பஸ் எல்லா விளக்கிலும் நின்றது. கோர்ட் வாசலில் இரண்டு தடவை சிவப்பு விழுந்தது. பயணிகள் முணுமுணுத்தார்கள். அவளோ ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். ட்ரிப் முடிந்ததும் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய் வாசலில் நின்றாள்.

"கடையைச் சாத்துங்க."

அவர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். "பச்சையா?"

"ஒண்ணுகூட இல்ல. எல்லாம் சிவப்பு."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததற்காக அவரை அவளுக்கு ரொம்பப் பிடித்தது. ஷட்டர் இறங்கியது. எதிர்க்கடைக்காரர் நாள் தவறி இறங்குகிறதே என்று குழம்பி, பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அதேபோல இன்னொரு சிவப்பு மாதமும் போயிற்று. மூன்றாவதில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. நாத்தனார் ஓடி வந்து, எந்த டாக்டர், என்ன மருந்து என்று துருவினாள்.

"மருந்தெல்லாம் இல்ல அண்ணி. என் உடம்பு சொன்னதை நானே கேட்டுக்கிட்டேன்," என்றாள். நாத்தனாருக்குக் காபி கலந்து கொடுத்தாள்.

வயிறு லேசாகத் தெரியத் தொடங்கிய ஒரு காலையில், கோர்ட் வாசல் சிவப்பில் நிற்கும்போது பின் சீட்டு குமாஸ்தா எழுந்து கேட்டார். "என்னம்மா, ரொம்ப நாளா பச்சையே காணோமே?"

அவள் சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பினாள். பஸ் மொத்தமும் பார்க்க நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இன்னும் கொஞ்ச மாசத்துக்கு வராது சார். அதுக்கப்புறமும் உடனே வரும்னு சொல்ல முடியாது."

குமாஸ்தா அவள் வயிற்றைப் பார்த்தார், தலையசைத்தார், உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து அந்த வழிப் பயணிகள் எல்லாரும் வீட்டை விட்டுச் சற்று முன்னதாகவே கிளம்பினார்கள்.