எட்டு ஸ்டாப் தள்ளி

ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு ரயில் பாதை போகிறது. பாதைக்கு இந்தப் பக்கம் பஸ் டெப்போ, லாரி ஷெட், மழை பெய்தால் முழங்கால் வரை நிற்கும் சாக்கடைத் தண்ணீர், போன வருடம் மட்டும் நான்கு கணக்கு வாத்தியார்கள் வந்து போன ஒரு உயர்நிலைப் பள்ளி. அந்தப் பக்கம் மரம், நூலகம், ஒழுங்காக எரியும் தெருவிளக்கு, பிள்ளையைச் சேர்க்க எல்லோரும் ஆலாய்ப் பறக்கும் இன்னொரு உயர்நிலைப் பள்ளி. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே நிஜமாகவே அக்கரைதான் பச்சை.

அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இடம் வேண்டுமென்றால் பிள்ளை அந்தப் பக்கத்தில் குடியிருக்க வேண்டும். அதுவும் பள்ளி திறக்கும் நாளுக்குள் முழுசாக ஒரு வருடம். நம்ம பஸ் டிரைவர் குடும்பத்தோடு இருந்தது டெப்போவுக்குப் பின்னால், மூன்றாவது மாடியில். அவருக்கு ஒரே மகள். ஆள் சின்னது, பேச்சு பெரியது. அதனால் வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பெயர். கணக்கில் புலி. இந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது, டிக்கெட்டும் டிரைவர்தான்; நாலாம் வகுப்பிலேயே அப்பா டிக்கெட் கணக்கு முடிப்பதற்குள் தலைகீழாக நின்றுகொண்டு விடை சொல்லுவாள்.

"அந்தப் பக்கம் இருக்கற உங்க அக்கா வீட்டு விலாசத்தைக் குடுத்தா என்ன? ஊர்ல எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க" என்றாள் டிரைவரின் மனைவி. அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள்; எந்த நோய்க்கும் கைவசம் ஒரு மருந்து வைத்திருப்பாள்.

ஆனால் அக்கா வேறு ரகம். கடைக்காரர்களின் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடும் ஆபீசில் இருபத்தெட்டு வருட உத்தியோகம். கல்யாணம் வேண்டாம் என்று இருபது வயதில் சொன்ன ஒரே வார்த்தையில் இன்றுவரை நிற்கிறவள். அஞ்சு கிராம் குறைந்தாலும் விடமாட்டாள். தம்பி என்றால் மட்டும் விட்டுவிடுவாளா?

"விலாசம் தரேன். ஆனா யாராவது விசாரிக்க வந்தா நான் பொய் சொல்ல மாட்டேன். பிள்ளை இங்க இருந்தா இருக்குன்னு சொல்வேன். இல்லன்னா இல்லன்னு சொல்வேன்."

"லீவு நாள்லயாவது வீட்டுக்கு அனுப்புக்கா."

"ஞாயித்துக்கிழமை பகல்ல வந்து பாத்துட்டுப் போங்க. ராத்திரி எங்க தூங்குதோ அதுதான்டா வீடு."

இப்படியாகக் கடுகு இரண்டு பையோடும் ஒரு தலையணையோடும் எட்டு ஸ்டாப் தள்ளி இருந்த அத்தை வீட்டுக்குக் குடிபோனாள். ஐந்தாம் வகுப்புக்கும் அங்கேயே ஒரு பள்ளி பார்த்தாயிற்று. விட்டுவிட்டு வந்த அன்று டிரைவரும் மனைவியும் சாப்பிடவில்லை. ஒரு வருடம்தானே, கண்ணை மூடித் திறந்தால் ஓடிப்போகும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்தக் கண்ணைத்தான் மூட முடியவில்லை.

மறுவாரம் டிரைவர் டெப்போ கிளார்க்கிடம் போய் ஏழாம் நம்பர் பஸ்ஸைக் கேட்டார்.

"பைத்தியமா உனக்கு? எல்லாரும் ஏழுல இருந்து மாத்திவிடுங்கன்னு கால்ல விழறான். சந்தைக் கூட்டம், ரயில்வே கேட்டு, ரோடெல்லாம் பள்ளம். சீனியாரிட்டி வச்சிக்கிட்டு நீ ஏன்யா அதுல போய் விழற?"

"எனக்கு அதுதான் வேணும்" என்றார் டிரைவர். ஏழாம் நம்பர் அக்கா வீட்டுத் தெரு முனையில் இருந்த தபால் ஆபீஸ் ஸ்டாப்பில் காலை ஏழு ஐம்பதுக்கு நிற்கும். கடுகு அங்கே ஏறி மூன்றாவது ஸ்டாப்பில் பள்ளிக்கு இறங்குவாள். நடுவில் ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்துக்காக மனிதர் பதினைந்து வருட சீனியாரிட்டியைத் தூக்கிக் கொடுத்தார். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

முதல் நாள் ஏறியதுமே "அப்பா!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டாள். முன் சீட்டில் ஒரு அம்மாள். தன் பையனுக்கும் அந்த உயர்நிலைப் பள்ளியில் இடம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள். உடனே காது நீண்டுவிட்டது.

"அப்பாவா? அப்ப நீ ஏன் இங்க ஏறற? உங்க வீடு எங்கம்மா?"

கடுகு சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். தப்பாக எதுவும் செய்யவில்லைதான். ஆனால் ஒரு புகார் போனால் போதும், விசாரணை, விளக்கம் என்று இழுத்தடிப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் அக்காவுக்குத் தெரியாமல் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள்: பஸ்ஸில் இருவரும் யாரோ எவரோ.

திங்கட்கிழமை அவள் பாஸை நீட்டி, "குட்மார்னிங், டிரைவர் சார்" என்றாள். கண்ணில் விஷமம் வழிந்தது.

"உள்ள போம்மா, உள்ள போ. வழியில நிக்காத" என்றார் அவரும் பெரிய மனிதராக. சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் பார்த்தால், அவள் சிரிப்பை அடக்க முடியாமல் பையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் வயிறு குலுங்கியது.

முதல் இரண்டு மாதம் அவள் அவருடைய சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். யாரிடமோ சொல்வதுபோல் ஜன்னலைப் பார்த்து முணுமுணுப்பாள். "நேத்து கணக்குல நூறு." "அம்மாவுக்குச் சளி சரியாயிடுச்சா?" அவர் ரோட்டைப் பார்த்தபடி தலையை ஆட்டுவார். மத்தியானம் மருந்துக்கடைக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை விடாமல் மனைவியிடம் ஒப்பிப்பார். அவள் அதைக் கேட்டுவிட்டு, "முடி வெட்டியிருக்காளா? இருமறாளா? யூனிஃபார்ம் கஞ்சி போட்டிருக்கா?" என்று குறுக்கு விசாரணை செய்வாள்.

அப்புறம் அவளுக்குத் தோழிகள் கிடைத்தார்கள். கம்பியை விட்டு நடு சீட்டுக்குப் போனாள். நடு சீட்டிலிருந்து கடைசி சீட்டுக்குப் போனாள். கடைசி சீட்டு கண்ணாடியில் சரியாகத் தெரியாது. அவர் கண்ணாடியை ஒரு விரல் அளவு திருப்பிவைத்துப் பார்த்தார். அப்போதும் பாதி நெற்றிதான் தெரிந்தது. ஒருநாள் மழையில் ஓடிவந்து ஏறியவள் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் "தேங்க்ஸ், டிரைவர் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதில் விஷமம் இல்லை, விளையாட்டு இல்லை. பழக்கம் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு அவர் ஒரு ஸ்டாப்பில் நிறுத்தாமலே போய், பின்னாலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போவார்கள். அத்தை வீட்டில் எல்லாம் அளவோடு இருக்கும். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். எழுந்ததும் போர்வையை நாலாக மடிக்க வேண்டும். எது வாங்கினாலும் நன்றி சொல்ல வேண்டும். பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, படிக்கிறாளா என்று டிரைவர் கேட்பார். அக்கா பதில் சொல்லுவாள். அதற்கு மேல் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் அக்காவுக்கும் இல்லை.

உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தவர்களின் பட்டியலை ஒருநாள் நூலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். டிரைவர் வண்டியை முடித்துவிட்டு யூனிஃபார்மோடு ஓடினார். மூன்றாவது வரிசையில் மகள் பெயர். கண் நிறைந்து எழுத்தெல்லாம் கலங்கியது. அப்போதுதான் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு வரைபடம் இருப்பதைப் பார்த்தார். மக்களின் கோரிக்கையை ஏற்று, இந்த ஆண்டிலிருந்து பள்ளியின் எல்லை ரயில் பாதையைத் தாண்டி, டெப்போ வரைக்கும் நீட்டப்பட்டிருக்கிறது. டெப்போவுக்குப் பின்னால் இருக்கும் கட்டிடங்களும் உள்ளே.

அதாவது அவருடைய வீடும் உள்ளே.

இரண்டு வருடத்துக்கு முன் வார்டு கூட்டத்தில் யாரோ ஒரு கோரிக்கைத் தாளை நீட்டியது அவருக்கு நினைவு வந்தது. சாக்கடைப் பேச்சு எப்போது வரும் என்று கொட்டாவி விட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். சாக்கடை இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. எல்லைதான் நகர்ந்திருக்கிறது.

"வெண்ணெயைக் கையில வச்சிக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதையா இருக்கே!" என்று மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே மருந்துக்கடைக் கவுன்ட்டரில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டாள். வருடம் முடிய இன்னும் ஏழு வாரம் பாக்கி இருந்தது. இனிமேல் அதற்கும் அவசியம் இல்லை. "இன்னைக்கே போய்க் கூட்டிட்டு வாங்க. இன்னைக்கே."

அவர் போய் நின்றபோது அக்கா விஷயத்தைக் கேட்டாள், வரைபடத்தை எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று ஒருமுறைக்கு இருமுறை விசாரித்தாள், பிறகு உள்ளே போய் இரண்டு பைகளையும் எடுத்துவந்தாள். கடுகு கதவோரம் நின்றாள்.

"பள்ளிக்கூடம் திறக்கற வரைக்கும் இங்கயே இருக்கட்டுமாப்பா?"

டிரைவர் ஒரு பையைக் கையில் எடுத்துக்கொண்டார். "அம்மா காத்துக்கிட்டு இருக்காடா கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

அவள் அத்தையைப் பார்த்தாள். "நான் போயிட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா, அத்தை?"

வேறு யாராக இருந்தாலும், அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். "இருக்கும்" என்றாள் அக்கா. "அதுக்காக நீ இருக்கக் கூடாது. கிளம்பு."

அன்று மாலை மூன்றாவது மாடியில் ஒரே அமர்க்களம். அம்மா அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கன்னத்தைக் கிள்ளினார்கள். கடுகு எல்லோருக்கும் அழகாகப் பதில் சொன்னாள். தண்ணீர் கொடுத்தால் நன்றி சொன்னாள். அம்மாவுக்கு ஏதோ போலிருந்தது. அலுப்பாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விடிந்தது. டிரைவர் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தபோது, கடுகு போர்வையை நாலாக மடித்து, தலையணை மேல் வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் நேராக உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தது. "நல்லாத் தூங்கினேன்பா. தேங்க்ஸ்" என்றாள்.

விருந்தாளிதான் அப்படிச் சொல்லுவாள். அம்மா விருட்டென்று சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

"அத்தைக்குப் போன் பண்ணட்டுமாப்பா? அவங்க இந்நேரம் எழுந்திருப்பாங்க."

போனைக் கொடுத்தார். "ம்... சாப்பிடணும்... இல்ல, நான் அழல. நீங்க?" என்று கேட்டாள் கடுகு. மறுமுனையில் அக்கா என்ன சொல்லியிருப்பாள் என்று சொல்லவேண்டியதில்லை. பொய் சொல்லத் தெரியாதவள். கடுகின் உதடு கோணியது. போனை மடியில் போட்டுவிட்டு, சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்கக் குலுங்க அழ ஆரம்பித்தாள்.

அவருடைய பெண், அவருடைய வீடு, அவருடைய கண்ணெதிரே. ஆனால் அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டுகூட அவருக்காக இல்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: போன வருடம் இதே பிள்ளை அங்கே, அந்த வீட்டில், இதே மாதிரி அவருக்காக அழுதிருக்க வேண்டும். அதை அவர் பார்க்கவில்லை. கேட்கக்கூட இல்லை. போனை எடுத்தார்.

"அக்கா, இவ அங்க வந்த புதுசுல அழுதாளா?"

"அழுதா."

"நீ சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே."

"என்ன பண்ணே அப்ப?"

"ஒண்ணும் பண்ணல. பக்கத்துல உக்காந்திருந்தேன். ஒரு வாரம் ஆச்சு." கொஞ்சம் நிறுத்தி, அக்கா மறுபடியும் சொன்னாள்: "ஆபீசுக்கு லீவு போட்டுட்டு உக்காந்திருந்தேன்டா."

அவர் போனை வைத்தார். மணி ஆறேகால். ஆறரைக்கு அவர் வண்டி எடுக்க வேண்டும். டெப்போ கிளார்க்கைக் கூப்பிட்டு, ஒரு வாரம் லீவு வேண்டும் என்றார்.

"வண்டி எடுக்கற நேரத்துல என்னய்யா லீவு? வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார்" என்றார் டிரைவர். "பொண்ணு வந்திருக்கா."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.