என் வலது கால்

பெரிய கார்புரேட்டர் மாட்டிய பிறகும் அந்தப் பழைய கார் மேடு ஏறத் திணறியது. பெட்ரோல், பிளக், டைமிங் எல்லாம் பார்த்தாகிவிட்டது.

"வண்டியில ஒண்ணுமில்ல. உன் காலுக்குத்தான் பயம். நாளைக்குப் பந்தயத்துல நானே ஓட்டிக்கிறேன்" என்றான் அண்ணன்.

கேட்டுக் கேட்டு எனக்கே என் காலின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. சாப்பிடும்போதுகூட அது மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் வரவழைத்த மெக்கானிக் என்னை ஸ்டியரிங் முன் உட்காரவைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்தார்.

"ஆக்சிலரேட்டரை முழுசா மிதிம்மா."

"மிதிச்சிட்டேன்."

"இன்னும்."

"தரையே தட்டிடுச்சுங்க!"

உள்ளே காற்றை விடும் மூடி பாதிதான் திறந்திருந்தது. புதிய கார்புரேட்டருக்குப் பழைய ஆக்சிலரேட்டர் கேபிளின் இழுப்பு போதவில்லை.

"தம்பி, தங்கச்சி கால் சரியாத்தான் இருக்கு. நீங்க மாட்டின லட்சணம் இது" என்றபடி கேபிளைச் சரிசெய்தார்.

அண்ணன் தலையைச் சொறிந்தான். "சரி, நீயே ஓட்டித் தொலை."

அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு காரை மேட்டில் ஏற்றினேன். வண்டி பாய்ந்தது. என் கால் தானாகச் சற்று மேலே வந்தது. அவன் கவனித்தானா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி தரைவரை மிதித்தேன்.