மேடைக்கு அடியில் ஒரு வாய்க்கால்

எந்த ஊருக்குப் போனாலும் உமாமகேஸ்வரி முதலில் அந்த ஊர்க் குளத்துக்குத்தான் போவார். படியிறங்கி ஒரு கைத் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே மனிதர்களிடம் பேசுவார். மனிதர்கள் மரியாதைக்காக எதையாவது மறைப்பார்கள், தண்ணீருக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்பது அவர் கருத்து.

அவர் போலகத்துக்குக் கிராம வளர்ச்சிப் பணியாளராக வந்தபோது குளம் தூர்ந்து கிடந்தது. கடலோர ஊர், குளம் வறண்டால் கிணறுகளில் உப்பு ஏறிவிடும். வீடு வீடாக ஏறி இறங்கி, மகளிர் குழுவைக் கூட்டி, குளத்தையும் அதற்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலையும் ஊராரைக் கொண்டே வெட்டவைத்தார். கிணறுகள் மீண்டும் இனித்தன. நன்றி மறவாத ஊர் அவருக்குப் பாராட்டு விழா எடுக்க முடிவு செய்தது.

விழாக் குழுத் தலைவர் சிதம்பரநாதன் நல்லவர். ஆனால் எதையும் பெரிதாகச் செய்தால்தான் அவருக்கு நிம்மதி. மேடைக்குத் திடல் போதவில்லை என்று, ஓரமாக ஓடிய அந்த வாய்க்காலிலேயே டிராக்டரில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டிச் சமன்படுத்தினார்.

மகளிர் குழுத் தலைவி பங்கஜவல்லி பதறிப்போனாள். "வாய்க்கால மூடிட்டு அது மேலயா மேடை போடுறீங்க? நாளைக்குத் தண்ணி விடுறதா சொல்லியிருக்காங்களே."

"கடைமடைக்கு என்னைக்குச் சொன்ன நாள்ல தண்ணி வந்திருக்கு? நீ போயி கோலம் போடுற வேலயப் பாரும்மா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பங்கஜவல்லி முகம் சுண்டித் திரும்பிப் போனாள்.

மறுநாள் விழா. அன்று சொன்னபடியே ஆற்று மதகைத் திறந்துவிட்டார்கள்.

பந்தலில் எல்லாரும் காத்திருக்க, உமாமகேஸ்வரி வழக்கம்போல் குளக்கரையில் நின்றார். ஒரு சொட்டும் வந்திருக்கவில்லை. மாலையில் தண்ணீரை அடுத்த ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். இன்று குளம் நிறையாவிட்டால் கோடையில் மறுபடியும் உப்புத் தண்ணீர்தான். காய்ந்த வாய்க்காலைப் பார்த்தபடியே மேல்நோக்கி நடந்தார். அது மேடையின் முதுகில் போய் முட்டி நின்றது.

அதே நேரம் மேடைக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலிகளின் கீழ் நீர் பரவிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற உள்ளூர்ப் பெரியவர் ஆல்போன்ஸ் கால்சட்டையை உயர்த்திக்கொண்டார். "பன்னீர் தெளிப்பீங்கன்னு பார்த்தா, காலையே கழுவிவிடுறீங்களே சிதம்பரநாதன்."

சிதம்பரநாதன் நாற்காலிகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போதே உமாமகேஸ்வரி மேடையேறி மைக்கை வாங்கினார்.

"ஒரு குளத்துத் தவளைங்க மழை மேகத்துக்கு நன்றி சொல்லணும்னு, குளத்து மேல தாமரை இலையால பந்தல் போட்டுச்சாம். மேகம் சந்தோஷமாப் பெஞ்சுது. தண்ணி அத்தனையும் பந்தல்ல வழிஞ்சு வெளிய போயிடுச்சாம். எனக்குச் சால்வை அப்பறம் போத்தலாங்க. இப்ப ஆளுக்கொரு மம்முட்டி எடுங்க."

"நேத்தே எடுத்து வச்சிட்டேங்க" என்றாள் பந்தல் வாசலில் நின்ற பங்கஜவல்லி. அவளுக்குப் பின்னால் மகளிர் குழுவே மண்வெட்டிகளோடு நின்றது.

பிறகு நடந்ததுதான் உண்மையான விழா. பலகைகளைக் கழற்றினார்கள், மண்ணை வாரினார்கள். சும்மா இருப்பானேன் என்று நாகஸ்வரக்காரர் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை வாசித்தார். சரிகை வேட்டியை மடித்துக் கட்டி முதலில் சேற்றில் இறங்கியவர் சிதம்பரநாதன்தான். கடைசிக் கட்டியையும் அவரே வெட்டி எடுத்தார். தண்ணீர் சாமந்திச் சரங்களை இழுத்துக்கொண்டு குளத்தை நோக்கி ஓடியது. பிள்ளைகள் கூடவே ஓடினார்கள்.

விழாவைக் குளக்கரையில் வைப்பது என்று ஆனதும், கோலமாவுக் கிண்ணத்தோடு அங்கே நின்ற பங்கஜவல்லியிடம் சிதம்பரநாதன் வந்தார்.

"நேத்து நாலு பேரு முன்னாடி உன்ன எளக்காரமாப் பேசிட்டேன். அதனால நாலு பேரு முன்னாடியே கேக்குறேன், மன்னிச்சிடும்மா. விழாவுக்கு நீதான் தலைமை. சால்வையும் உன் கையாலயே போத்து."

"அப்ப இங்க கோலம் யாருங்க போடுறது?"

சிதம்பரநாதன் கோலமாவுக் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி, சேறு காயாத விரல்களோடு குனிந்து முதல் புள்ளியை வைத்தார். புள்ளிகள் கோணலாகப் போயின. ஒருவரும் அதைத் திருத்தவில்லை.