நாற்பத்தேழாம் எண் கட்டுரை

பகலவன் பூதலூர்ப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். கணக்கு வாத்தியார் பறித்துக்கொண்ட பி.டி. பீரியடுகளில், மரத்தடியில் உட்கார்ந்து முனைவர் பட்டத்துக்குப் படித்தார். மைதானத்தில் ஓட முடியாதவன் இன்டர்நெட்டில் ஓடுகிறான் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார்.

விளையாட்டுப் பயிற்சியாளர்கள் மைதானத்தில் சொல்வதையும் செய்வதையும் பற்றி உலகத்தில் வந்த ஆய்வுக் கட்டுரைகளையெல்லாம் தேடி, முன்கூட்டியே எழுதிவைத்த விதிகளால் சலித்து, தேறியதை மட்டும் சேர்த்துவைத்து என்ன தெரிகிறது என்று பார்ப்பதுதான் அவர் ஆய்வு. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் அகப்பட்டன. சுருக்கத்தைப் பார்த்தே தள்ளியது போக, முழுதாகப் படிக்க எண்பத்தாறு. அவற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல் குறிக்க வேண்டும். பூதலூரில் இவர்; ஒரத்தநாட்டில், பெண்களுக்குக் கபடி சொல்லித்தரும் செவ்வந்தி டீச்சர். முகதாட்சண்யம் குறுக்கே வரக்கூடாதென்று, கட்டுரைகளை நூலகரிடம் கொடுத்து, எழுதியவர்களின் பெயர்களை மறைக்கச் சொன்னதும் பகலவனேதான். வாழ்க்கையில் அவருக்கு உதித்த ஒரே நல்ல யோசனை அது.

சலித்து முடிந்தது. இருபத்துமூன்று உள்ளே, அறுபத்துமூன்று வெளியே. சனிக்கிழமை பெயர்களைத் திறந்தார்கள். வெளியே கிடந்த நாற்பத்தேழாம் கட்டுரையை எழுதியவர் முனைவர் சாரங்கபாணி. பகலவனின் வழிகாட்டி.

வழிகாட்டியின் கட்டுரைகளை ஒழுங்காகப் படித்திருந்தால் பெயரில்லாமலே அடையாளம் தெரிந்திருக்கும். படித்ததாகச் சொல்லித்தான் ஆறு வருஷம் ஓட்டியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஆய்வுக்குழு. பதிவுக் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. சாரங்கபாணி கையெழுத்துப் போடாவிட்டால் ஆறு வருஷமும் போச்சு. பகலவன் போனை எடுத்தார்.

"டீச்சர், அந்த நாற்பத்தேழை மட்டும் உள்ள தள்ளிடுவோமா? பட்டியல்ல ஒரு கட்டம்தான். யாருக்குத் தெரியப்போவுது."

"எனக்குத் தெரியும்ல."

"அவரு என் கைடு, டீச்சர்."

"பன்னெண்டு வாரம் பயிற்சி குடுத்தோம், பசங்க உயரமா குதிச்சாங்கன்னு இருக்கு. கோச் என்ன சொன்னாரு, என்ன செஞ்சாரு, ஒரு வரி உண்டா? உள்ள தள்ளுறதுன்னா தள்ளிக்கங்க சார். என் பேரை மட்டும் எடுத்துருங்க."

பகலவன் கட்டத்தை மாற்றவில்லை. தைரியத்தால் அல்ல. சாரங்கபாணி திட்டினால் ஒரு நாளோடு போகும்; செவ்வந்தி டீச்சர் திட்டினால் வருஷக்கணக்கில் தொடரும் என்று கணக்குப் போட்டார்.

தஞ்சாவூரில் குழு கூடியது. சாரங்கபாணி மற்றதையெல்லாம் தள்ளி, சேர்த்த கட்டுரைகளின் பட்டியலில் விரலை ஓட்டினார். மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை. பிறகு நீக்கியவற்றின் பட்டியலுக்கு வந்தார். விரல் நின்றது.

"ஏம்பா, இது யாரு நீக்குனது?"

"நான்தான் சார். டீச்சரும் தனியா நீக்குனாங்க."

"பேரு தெரியாம?"

"ஆமா சார்."

வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் மெஹராஜ் பேகம் நிமிர்ந்தார். "தெரிஞ்ச பின்னாடியும் மாத்தலையா?"

"மாத்தத்தான் பாத்தேன் மேடம். டீச்சர் விடல."

மெஹராஜ் பேகம் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சாரங்கபாணி சிரிக்கவில்லை. நீக்கிய காரணத்தை உதடு அசையப் படித்தார்: பயிற்சியாளர் செய்தது விவரிக்கப்படவில்லை.

"அந்த கோச் நான்தாம்பா," என்றார் கடைசியில். "நான் அந்தப் பசங்கள்ட்ட பேசுனதை அப்படியே எழுதியிருந்தா எந்த ஜர்னல்லப்பா போட்டிருப்பான்?"

அறையே சிரித்தது. அவர் பட்டியலைத் திரும்பப் பார்த்தார். "சேர்ந்த இருபத்துமூணுல நம்ம ஊர்க்காரன் ஒருத்தன்கூட இல்லியே."

"அதுதான் சார் கிடைச்ச முடிவு. இங்க கோச் மைதானத்துல என்ன செய்யறார்னு யாருமே எழுதல. அடுத்து நாங்க எழுதப் போறோம்."

"எழுதுங்க. மொதல்ல என்கிட்ட வாங்க, எல்லாத்தையும் சொல்றேன்." பேனாவைத் திறந்து, அழுத்திக் கையெழுத்துப் போட்டார். அடுத்து மெஹராஜ் பேகம் போட்டார். "இவ்வளவு நேர்மையான பட்டியலை நான் இப்பத்தான் பாக்கறேன்," என்றார்.

வராந்தாவுக்கு ஓடிவந்து பகலவன் போன் போட்டார். உண்மையாகவே ஓடினார்.

"டீச்சர், முடிஞ்சுது. கையெழுத்து ஆயிடுச்சு. நாற்பத்தேழு வெளியதான் இருக்கு."

மறுமுனையில் மைதானத்துச் சத்தம் கேட்டது. பிறகு செவ்வந்தி டீச்சர் விசிலை எடுத்து, மூச்சுள்ள மட்டும் நீளமாக ஊதினார்.