கரைக்காரி ஓட்டிய படகு

கிஸ்லேன் கோபித்துக்கொண்டு கடைக்குப் போன நேரம் பார்த்து, படகுகளை மேல் கால்வாய்க்குத் தூக்கிவிடும் தண்ணீர்த் தொட்டியின் கதவு மூடிவிட்டது. உள்ளே, நிலக்கரி ஏற்றிய படகில் அவன் மனைவி மார்சலின் மட்டும் இருந்தாள்.

சண்டை காலையிலிருந்தே. மேல் கால்வாய்க்குப் போனதும் இறங்கி, லா லூவியேரில் இருக்கும் அண்ணனின் ரொட்டிக்கடைக்கே போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள்.

"போயேன்! கரையில பொறந்த கரைக்காரி படகுல எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்னு எங்கம்மா அப்பவே கேட்டா" என்றான் அவன். மூன்று வருஷமாக இதே பாட்டுதான். அவள் கயிறு கட்டலாம், தளம் கழுவலாம், சுக்கானை மட்டும் தொடக்கூடாது. பெயின்ட் உரசிவிடுமாம். பெண்டாட்டியைவிடப் பெயின்ட் உசத்தி அந்த மகராசனுக்கு.

தண்ணீரும் படகுமாகத் தொட்டி மேலே எழும்பியது. பக்கத்துத் தொட்டி வேறொரு படகோடு கீழே இறங்கியது. எஞ்சினை அணைத்திருந்ததால் ஒரு சத்தமும் இல்லை. மார்சலினால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. முன்னால் போனாள், பின்னால் வந்தாள், காய்ந்த துணியை எடுத்து மறுபடி அதே கொடியில் போட்டாள். கீழே கிஸ்லேன் பீர் குவளையோடு கடையிலிருந்து ஓடிவந்தான்.

"ஏய்! எதையும் தொடாதே! நான் படியேறி வர்றேன்! தொட்டே, கொன்னுடுவேன்!"

"கத்தாதய்யா, பீர் சிந்துது!" என்று இறங்கும் படகிலிருந்து எவனோ சிரித்தான்.

மேலே கதவு திறந்தது. தொட்டியை இயக்கும் பெர்னான் எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா உன் வீட்டுக்காரன்?"

"கீழயே விட்டுட்டு வந்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. ஆனா கீழ இறங்கறதுக்கு இங்க படகுங்க வரிசையா நிக்குது, தொட்டியக் காலி பண்ணணும். ஆளக் கூப்பிட்டுக் கயிறு போட்டு இழுக்கச் சொல்லட்டா?"

சரி என்று சொல்லிவிட்டு அப்படியே இறங்கி நடக்கலாம். ஆனால் கரைக்காரியைக் கயிறு போட்டு வெளியே இழுத்தார்களாம், பயந்து ஓடிவிட்டாளாம் என்று பொழுது சாய்வதற்குள் கால்வாய் முழுக்கப் பேசுவார்கள். நினைக்கும்போதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேண்டாம். நானே எடுக்கறேன்."

எஞ்சினைக் கிளப்பினாள். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம்கூட இல்லை. முனை இடப்பக்கம் ஒதுங்கவும் "ஐயோ, போச்சு!" என்றார் பெர்னான். அவள் சுக்கானைத் துளி திருப்பி, உடனே நேராக்கினாள். கிஸ்லேன் இப்படிச் செய்வதைத் தினம் பார்த்தவள்தானே. படகு மெல்ல வெளியே வந்தது. கரையோரம் ஒதுக்கிக் கட்டினாள். மனதில் இருப்பது சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

கிஸ்லேன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அவளைப் பார்க்கவில்லை. முனையிலிருந்து கடைசிவரை குனிந்து குனிந்து படகின் பக்கத்தைப் பார்த்தான். பிறகு தாவி ஏறி, மறுபக்கமும் தலையை நீட்டிப் பார்த்தான்.

"ஒரு கீறல்கூட இல்லடி!" முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தான். "இனிமே நீயும் ஓட்டு. நெசமாத்தான் சொல்றேன்."

மூன்று வருஷமாக அவள் ஏங்கிய வார்த்தை. கேட்டால் அழுதுவிடுவோம் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கரைக்குத் தாண்டினாள்.

"எங்க போறே? அதான் ஓட்டுன்னு சொல்லிட்டேனே!"

"அண்ணன் வீட்டுக்கு. கரைக்காரி ஓட்டத் தெரியாம ஓடிட்டான்னு உங்கம்மா இனிமே சொல்ல முடியாதில்ல?" என்றாள் மார்சலின்.