அவிநாசி ரோட்டில் நாற்பது நிமிடம்

அவிநாசியில் முப்பது வருடமாக மோட்டார் காயில் கட்டும் சீனிவாசலுவுக்கு முதுகுப் பிடிப்பு புதிதல்ல. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை இடுப்புக்கு மேலே சுளீரென்று வலித்தபோது, பட்டறையிலேயே சற்று உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தார். எழுந்தபோது கண் இருட்டியது. சட்டையெல்லாம் வியர்வை. மனைவி பத்மாவதி ஆட்டோ பிடித்துப் பக்கத்துச் சிறிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

பணியில் இருந்தவர் லோகப்பிரியா. படிப்பை முடித்து ஒரு வருடம்கூட ஆகாத டாக்டர்.

"கல்லடைப்புங்க அம்மணி. போன வருசமும் வந்துச்சு. ஒரு ஊசி போட்டுட்டீங்கன்னா கெளம்பிடுவேன்," என்றார் சீனிவாசலு.

ரத்த அழுத்தம் எண்பதில் நின்றது. லோகப்பிரியா அவர் வயிற்றில் கை வைத்தார். தொப்புளுக்கு மேலே ஏதோ கனமாகத் துடித்தது.

"சிகரெட் புடிப்பீங்களாங்க?"

"நாப்பது வருசமாப் புடிக்கறேனுங்க."

ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் எட்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஊதியிருந்தது. பத்மாவதியை வெளியே அழைத்துவந்து சொன்னார்.

"ரத்தக்கொழாய் வீங்கி வெடிச்சிருக்குதுங்கம்மா. உள்ளயே ரத்தம் கசியுது. கோயம்புத்தூர் போய் உடனே ஆபரேசன் பண்ணோணும்."

"பொழச்சுக்குவாருங்களா?"

"சொல்ல முடியாதுங்க. இங்கயே வெச்சிருந்தா நிச்சயமா பொழைக்க மாட்டாருங்க."

கோவையிலிருந்த அறுவை மருத்துவர் கிருபாசங்கருக்குப் போன் செய்து, தியேட்டரையும் ரத்தத்தையும் தயாராக வைக்கச் சொன்னார். பிறகு பத்மாவதியோடு தானும் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார். சலைனை வேகமாக இறக்கட்டுமா என்று நர்ஸ் கேட்டபோது வேண்டாம் என்றார். அழுத்தம் ஏறினால், வெடிப்பை அடைத்திருக்கும் ரத்தக்கட்டி பிய்த்துக்கொள்ளும்.

நீலம்பூர் தாண்டும்போது சீனிவாசலு முனகினார். "அந்தக் கெணத்துக்காரரு மோட்டாரு... இன்னிக்குக் குடுக்கோணும்..."

"மோட்டாரு கெடக்குதுங்க. நீங்க கண்ணத் தொறந்து என்னயப் பாருங்க," என்றார் பத்மாவதி.

தியேட்டரில் வெடிப்புக்கு மேலே ரத்தக்குழாயைக் கவ்விப் பிடித்து, பழுதான இடத்தில் செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தார்கள். நான்கு மணி நேரம் ஆனது. பதினோரு பாட்டில் ரத்தம் ஏறியது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாமல் ஐந்து நாள் பயமுறுத்தியது. ஆறாம் நாள் சீனிவாசலு காப்பி கேட்டார்.

ஆறு வாரம் கழித்துத் தன் காலால் நடந்து லோகப்பிரியாவைப் பார்க்க வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்ற உசுரு நீங்க குடுத்ததுங்க அம்மணி."

"அன்னிக்கு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சுங்க," என்று சிரித்தார் லோகப்பிரியா. "சிகரெட்ட உட்டுட்டீங்களா?"

"அன்னிக்கோட சரிங்க. உங்களுக்கு நான் என்ன செய்யோணும், சொல்லுங்க."

"கூடப் பொறந்தவங்க இருந்தா ஒருக்கா ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க. இது குடும்பத்துலயும் வரும்."

பெருந்துறையில் இருந்த அண்ணன் சுந்தரராஜுலு, "எனக்கென்னடா, நல்லாத்தான இருக்கறேன்," என்று மறுத்தார். சீனிவாசலு விடவில்லை. அடுத்த திங்களன்றே பஸ் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார்.

அண்ணனுக்கும் வீக்கம் இருந்தது. நாலு சென்டிமீட்டர்தான். இப்போதைக்கு அறுவை வேண்டாம், வருடம் ஒருமுறை பார்த்தால் போதும் என்றார் லோகப்பிரியா. வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்த சுந்தரராஜுலு, அடுத்த வருடம் எந்தத் தேதியில் வர வேண்டும் என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

கூட வந்திருந்த பத்மாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம நம்மூட்டுக்குச் சாப்பிட வரோணுங்க அம்மணி. மாட்டேன்னு சொல்லப்படாது."

"அன்னிக்கு லீவுதாங்கம்மா," என்றார் லோகப்பிரியா. "வாரேனுங்க."