மெர்சி போட்ட வட்டம்

வணிக அறநெறித் தேர்வு. மேற்பார்வையாளர் வெளியே போனதும் வகுப்பே பிட்டைப் பிரித்தது. இதிலென்ன தப்பு என்று நவநீதனும் பிரித்தான். எழுதி முடித்து, பிட்டைப் பக்கத்து மேசை மெர்சியிடம் தள்ளினான். விடுமுறைகளில் ஆம்பூர் ஷூ கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். தன் தாளில் ஐந்து வரி காப்பியடித்தாள். உடனே, பழுதான தோலுக்குப் போடுவதுபோல, அந்த வரிகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டாள்.

"இன்னா மெர்சி பண்ற?"

"ஐயோ, கை தானா போட்ருச்சிடா."

"சீக்கிரம் அழி."

ரப்பரை எடுத்தவள் வட்டத்தையே பார்த்தாள்.

"ரிஜெக்ட்னு போட்டத நாங்க அழிக்க மாட்டோம்."

மேற்பார்வையாளர் வந்ததும் தாளை அப்படியே நீட்டிவிட்டுப் போனாள்.

நவநீதன் தன் தாளைப் பார்த்தான். வட்டம் போடுவதானால் முழுத் தாளையும் சுற்றித்தான் போட வேண்டும்.